பழைய இசைத்தட்டுப் பொறியை வாங்குவோர் அறியவேண்டுவன

இசைத்தட்டு ஒன்று தன்னிற் பாடிய வித்துவானின் வாழ்நாளைக் கடந்தும் நிலைத்திருக்க வல்லது. ஆயினும் அதனைக் காப்பதும் கெடுப்பதும் அதனைச் சுழற்றும் பொறியேயாகும். தேய்ந்த ஊசி தட்டின் வரியைச் சிறிது சிறிதாகச் செதுக்கிவிடும். அவ்வாறு போன ஒலி மீண்டும் வாராது. ஆதலின் பழைய உயர்தரப் பொறியை வாங்க விரும்புவோர் அதன் வெளித்தோற்றத்தைக் காட்டிலும் உள்ளுறுப்புகளையே முதலில் ஆராய்தல் வேண்டும்.

உதாரணமாக, இங்கிலாந்தின் சுவிண்டன் நகரில் இயங்கிய கரார்ட் தொழிற்சாலை 1954 இல் விற்பனைக்குக் கொணர்ந்த 301 என்னும் பொறியை எடுத்துக்கொள்வோம். 1965 இல் 401 அதன் இடத்தைப் பெற்றது. எனினும் 301 ஐ இன்றும் பலர் தேடி வாங்குகின்றனர். இதில் மோட்டார் நேரே தட்டைச் சுழற்றுவதில்லை. மோட்டாரின் அச்சிலுள்ள சிறு உருளை, இறப்பர் விளிம்புடைய சக்கரம் ஒன்றைச் சுழற்ற, அச்சக்கரம் கனத்த சுழல்தட்டின் உள்விளிம்பை உராய்ந்து அதனைச் சுழற்றுகிறது.

முதலிற் கவனிக்கவேண்டியது மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்றுடையது. அமெரிக்காவில் அது 60. அங்கு விற்கப்பட்ட பொறியின் உருளை வேறு அளவினது. அதனை மாற்றாது இங்கு இயக்கினால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். ஐந்து கட்டைச் சுருதியிற் பாடிய பாட்டு ஏறக்குறைய மூன்று கட்டைக்கு இறங்கிவிடும். பொறியிலுள்ள வேகத் திருத்தி சிறு வேறுபாடுகளை மட்டுமே சீர்செய்யும். பழைய மின்கம்பிகளின் உறையும் வெடித்திருத்தல் கூடும். மின்வேலை அறிந்தவர் பார்வையிடுமுன் இணைத்தல் ஆகாது.

வேகத்தை அளத்தல் எளிது. சுழல்தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டொன்றை அடையாளமாக வைத்து எண்ணுக. நிமிடத்துக்கு முப்பத்துமூன்றேமூன்றில் ஒரு சுற்று வேகமாயின், மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்றுகள் நிகழும். பின்னர், பாட்டுத் தொடங்குமுன் உள்ள வெற்று வரியில் ஊசியை வைத்துச் செவிகொடுக்க. தாழ்ந்த உறுமல் கேட்குமாயின் அச்சையோ மோட்டாரையோ ஐயுறல் வேண்டும். தட்டு ஒருமுறை சுற்றுவதற்குள் பலமுறை 'டொக், டொக்' என ஒலித்தால் இறப்பர்ச் சக்கரம் பள்ளம் விழுந்ததாகலாம். சக்கரத்தை மாற்றுதல் எளிது. உதிரிப் பாகங்கள் இன்றும் செய்யப்படுகின்றன. ஆனால் சுழல்தட்டு பக்கவாட்டில் ஆட்டங்கொடுத்தால் அச்சோ அதனைத் தாங்கும் குழலோ தேய்ந்திருக்கலாம். அதனைச் சீர்செய்யச் செலவு மிகும்.

301 பொறியுடன் ஊசியைத் தாங்கும் கை வருவதில்லை. அதனைத் தனியே பொருத்துதல் வேண்டும். பழைய ஊசியை நம்பாது புதியதை இடுதலே நன்று. 78 சுற்றுத் தட்டின் வரி அகன்றது. நீண்ட நேரத் தட்டின் வரி நுண்ணியது. ஒன்றுக்குரிய ஊசியை மற்றொன்றில் வைத்தல் தகாது. ஊசியின் அழுத்தமும் அதனைச் செய்தோர் குறித்த அளவில் இருத்தல் வேண்டும். அழுத்தம் குறைந்தால் தட்டுக்கு நன்மை எனப் பலர் எண்ணுவர், அது தவறு. மிகக் குறைந்தால் ஊசி வரியினுள் துள்ளி அதனைச் சேதப்படுத்தும்.

பராமரிப்பு அரிதன்று. முற்காலத்து 301 இன் அச்சுக்குக் கிறீசும், பிற்காலத்ததற்கு எண்ணெயும் இடுவர். எது தம்முடையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். எண்ணெய் ஒரு துளியும் இறப்பர்ச் சக்கரத்திற் படலாகாது. பட்டால் மதுசாரம் தோய்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். பொறியை வேறிடம் கொண்டுசெல்லுங்கால் சுழல்தட்டைக் கழற்றித் தனியே பொதிய வேண்டும். இன்றேல் அதன் கனமே அச்சைக் கெடுக்கும்.

பூச்சு மங்கிய பொறியும் அச்சு நேராயிருப்பின் நன்கு பாடும். பளபளக்கும் பொறியோ அச்சுத் தேய்ந்திருப்பின் வாங்கியவரை வருத்தும். பழுதான பொறிக்கு மாற்றுண்டு. அது கெடுத்த அரிய தட்டுக்கு மாற்றில்லை.