கருவியைத் தடை செய்தால் களவு நின்றுவிடுமா?

கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, யூடியூபில் இருந்த பாடங்களைத் தரவிறக்கி, டேட்டா போட வசதியில்லாத பிள்ளைகளுக்குப் பென் டிரைவில் அனுப்பிய ஆசிரியர்கள் நம்மில் பலர். அவ்வாறான தரவிறக்கச் செயலிகள் பலவற்றின் உள்ளே அப்போது இயங்கியது ‘யூடியூப்-டிஎல்’ என்ற திறந்த மூல மென்பொருள். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுக்கலாம்.

2020 ஒக்டோபர் 23ஆம் திகதி அது கிட்ஹப் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் அனுப்பிய ஓர் அறிவித்தல்தான் காரணம். நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இருக்கவில்லை.

பாடலொன்றைத் திருடிப் பதிவேற்றினால் அதை நீக்கக் கோருவது ஒரு விடயம். இங்கே கோரப்பட்டது வேறு. 1998ஆம் ஆண்டின் அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டத்தில், பூட்டை உடைக்கும் கருவிகளுக்கு எதிராக ஒரு பிரிவு இருக்கிறது. யூடியூபின் பூட்டை இம்மென்பொருள் உடைக்கிறது என்பதே குற்றச்சாட்டு. பரிசோதனைக் கோப்புகளில் பிரபல பாடல்கள் சிலவற்றின் இணைப்புகள் இருந்ததும் சுட்டிக்காட்டப்பட்டது.

மென்பொருளை உருவாக்கியோர் சார்பில் எலக்ட்ரொனிக் ஃப்ரொண்டியர் ஃபவுண்டேஷன் பதில் எழுதியது. பூட்டு என்று சொல்லப்படுவதைத் திறக்கும் நிரலை, வீடியோ பார்க்க வரும் ஒவ்வொரு பிரவுசருக்கும் யூடியூபே அனுப்புகிறது. யூடியூப்-டிஎல் அதே நிரலைத்தான் இயக்குகிறது. வாசலில் நின்று வருவோர் எல்லோருக்கும் சாவியைக் கொடுத்துவிட்டு, பிறகு கதவை உடைத்தார்கள் என்று முறையிடுவது நியாயமா? பாடல்களுக்குச் சொந்தக்காரரின் கவலை உண்மையானதுதான், ஆனால் அவர்கள் பிடித்த ஆள் பிழை என்றே நான் நினைக்கிறேன்.

நவம்பர் 16ஆம் திகதி கிட்ஹப் அதை மீண்டும் வைத்தது. இத்தகைய வழக்குகளில் சிக்கும் நிரலாளர்களுக்காகப் பத்து இலட்சம் டொலர் நிதியொன்றையும் அறிவித்தது.

இடைப்பட்ட 24 நாட்களில் மென்பொருள் அழிந்துபோகவில்லை. கிட் முறையில் பிரதி எடுத்த ஒவ்வொருவரின் கணினியிலும் நிரல் அதன் முழு வரலாற்றோடு இருந்தது. நீக்கல் அறிவித்தல்களைக் கிட்ஹப் வெளியிடும் பக்கத்துக்குள்ளேயே யாரோ அந்த நிரலைக் கொண்டுபோய் வைத்தார்கள்! ஆனால் பிரதி மட்டும் போதாது. யூடியூப் தன் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய பதிப்பு வேலை செய்யாமல் போகும். திருத்துகிறவர்கள் கூடும் இடத்தை மூடினால், மென்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும்.

அடுத்த அடி சேர்வர் வைத்திருந்தவருக்கு விழுந்தது. ஜேர்மனியில் அம்மென்பொருளின் இணையப் பக்கத்தை மட்டும் தாங்கியிருந்த ஊபர்ஸ்பேஸ் என்ற சிறிய நிறுவனத்துக்கு எதிராக சோனி, வோர்னர், யூனிவர்சல் ஆகியவை வழக்குத் தொடுத்தன. 2023 மார்ச்சில் ஹம்பேர்க் நீதிமன்றம் இசை நிறுவனங்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் அந்தப் பக்கம் மறைந்தது. இடம் கொடுத்தவரையே பிடிக்கலாம் என்றானால், எந்தச் சிறிய சேர்வர் நிறுவனம் துணிந்து இடம் கொடுக்கும்?

நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கற்பித்தலுக்கான நியாயமான பயன்பாட்டை ஏற்கிறது. வகுப்பறைக்குப் பல பிரதிகள் எடுப்பதும் அதில் அடங்கும். யூடியூபின் சொந்த விதிகள் தரவிறக்கத்தைப் பொதுவாக அனுமதிப்பதில்லை, அது வேறு கதை. பாடத்தைத் தயாரித்த ஆசிரியர் “தரவிறக்கிப் பகிரலாம்” என்று வீடியோவுக்குக் கீழே ஒரு வரி எழுதிவிட்டால் அவருடைய உரிமை பற்றிய கேள்வி எழாது. நம் ஆசிரியர்களில் மிகச் சிலரே அதை எழுதுகிறார்கள்.

எங்கள் பாடசாலைக் கணினி அறையில், பாட வீடியோக்களோடு நாம் பயன்படுத்தும் திறந்த மூல மென்பொருட்களின் பிரதிகளும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை தரம் 10 பிள்ளைகள் அவற்றைப் புதுப்பிக்கிறார்கள்.