சுவருக்கு வண்ணமா, வாத்தியாருக்குச் சம்பளமா?

பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் மாணவர்கள் கம்போடியா, வியட்நாம் கிராமப் பள்ளிகளுக்குத் தொண்டு செய்யப் போகிறார்கள். சுவருக்கு வண்ணம் பூசி, கொஞ்சம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து, சில வாரங்களில் திரும்பிவிடுகிறார்கள். நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் வசதியற்ற பள்ளியை வாழவைப்பது எது என்பதற்குத் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரிலேயே சான்று உண்டு. தமிழ்நாட்டின் கடையநல்லூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், இங்கே தமிழ்ப் பள்ளி தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரைச் சூட்டினார்கள். அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. வந்து போனவர்களால் அல்ல, ஆண்டு முழுதும் அதைத் தாங்கிய சமூகத்தால்.

அதுவும் 1982இல் மூடப்பட்டதே என்று கேட்கலாம். பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் மாணவர் குறைந்தனர். எந்தத் தொண்டூழியரும் தடுத்திருக்க முடியாத மாற்றம் அது. ஆனாலும் 36 ஆண்டுகள் நடந்தது, பெயர் இன்றும் உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்தில் வாழ்கிறது. பயணம் போகும் இளையர் மனம் விரிகிறதே என்பார்கள். விரியட்டும்; அதற்குக் கல்விச் சுற்றுலா என்று பெயர் வைத்தால் போதும். தொண்டு என்றால், அதே விமானச் செலவில் உள்ளூர் ஆசிரியருக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்று அந்தப் பள்ளியிடமே முதலில் கேட்க வேண்டும்.