கிரீம் பிஸ்கட்டில் பாலேடு உண்டா?

சிவகாசி, விருதுநகர்ப் பெட்டிக்கடைகளில் சிறுவர் விரும்பி வாங்கும் பண்டங்களுள் கிரீம் பிஸ்கட்டும் ஒன்று. இரு வில்லைகளைப் பிரித்து, நடுவிலுள்ள இனிப்பை முதலில் நக்கித் தீர்ப்பது குழந்தைகளின் வழக்கம். அவ்வினிப்பு பாலேடுதானா?

'கிரீம்' என்னும் சொல்லுக்குப் பாலேடு என்பதே பொருள். ஆயின் பாலேட்டில் நீர் மிகுதி. அதைத் தடவினால் பிஸ்கட் விரைவில் நமத்துப்போகும், பாலேடும் கெடும். ஆதலின் பொடித்த சர்க்கரையைத் தாவரக் கொழுப்போடும் மணப்பொருளோடும் குழைத்து நிரப்புகின்றனர். அதில் நீர் அநேகமாக இல்லாமையால் மொறுமொறுப்பு மாதக்கணக்கில் நிற்கிறது. இக்கொழுப்பு நிழலில் இறுகியிருந்து, வாயின் சூட்டில் உருகுவது. கந்தக பூமியின் கோடை வெயிலோ வாயின் சூட்டையும் விஞ்சும்! சித்திரையில் உறையைப் பிரித்தால் வில்லைகள் வழுக்கி விலகியிருப்பது இதனாலேயே.

தாவர எண்ணெயை இறுகச் செய்யும் முறையொன்றில் டிரான்ஸ் கொழுப்பு விளைகிறது. அது இதயத்திற்குத் தீங்கானது. உணவிலுள்ள கொழுப்பில் அது 2 விழுக்காட்டை மிஞ்சலாகாது என்னும் விதி 2022 முதல் நடப்பிலுள்ளது.

சேர்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் உறையில் அச்சிடுதல் வேண்டும் என்பதும் சட்டமே. அச்சுக்குப் பேர்போன ஊரிலும் அச்சிற்றெழுத்தைப் படிப்போர் சிலரே! மைதா, சர்க்கரை, பாமாயில் ஆகியவை முன்னிற்க, பால் இருப்பின் பெரும்பாலும் பொடியாகிப் பின்வரிசையில் ஒதுங்கியிருக்கும்.

இதே மாவட்டத்தில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவோ பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சிச் செய்வது. அது மாதக்கணக்கில் நிற்பதில்லை.