பெயர் எடுத்த அணிக்கு எல்லா ஆட்டமும் இறுதியாட்டமே!

நான் படிவம் 4 படித்தபோது, சித்தியவானில் எங்கள் பள்ளிக் காற்பந்து அணியின் ஆட்டத்தைப் பார்க்க வருபவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். பயிற்றுநர், தண்ணீர் போத்தல் தூக்கும் இரண்டு மாணவர்கள், பேருந்துக்குக் காத்திருக்கும் சிலர், அவ்வளவுதான். அந்த ஆண்டு யாரும் எதிர்பாராத வகையில் மஞ்சோங் மாவட்டத்தில் வெற்றியாளரானோம்.

அடுத்த ஆண்டு முதல் ஆட்டத்துக்கே திடலைச் சுற்றி மோட்டார் சைக்கிள்கள் வரிசை கட்டி நின்றன. ஐஸ்கிரீம் விற்கும் அண்ணன்கூட வந்துவிட்டார். எங்களைப் பார்க்கத்தான் இவ்வளவு கூட்டம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டோம். ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில்தான் உண்மை புரிந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் நாங்கள் தோற்பதைப் பார்க்க வந்திருந்தார்கள்!

முந்தைய ஆண்டு 4-0 என நாங்கள் வீழ்த்திய தோட்டப்புறப் பள்ளி அணி, அன்று ஒவ்வொரு பந்துக்கும் விழுந்து எழுந்து ஓடியது. 1-0 என்று தோற்றோம். எங்கள் கோல் காவலர் ஆயர் தாவார் பேருந்தில் வழி நெடுக அழுதுகொண்டே போனான்.

“அவங்க உங்கள ஜெயிக்க ஒரு வருஷமா காத்திருந்தாங்க. நீங்க அவங்கள மறந்தே போயிட்டீங்க” என்றார் எங்கள் சார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சுடுகிறது.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் யூசிஎல்ஏ என்ற பெயரைக் கேட்டாலே எதிரணிகள் நடுங்கிய காலம் உண்டு. பயிற்றுநர் ஜான் வூடன் தலைமையில் அந்தப் பல்கலைக்கழகம் 1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகளில் 10 முறை தேசிய வெற்றியாளரானது. 1971 தொடங்கி 88 ஆட்டங்களில் தொடர்ந்து வென்றது. அந்தத் தொடரை முறியடித்தது நாட்டர் டேம் பல்கலைக்கழகம். நாள்: 1974 ஜனவரி 19.

அந்த ஆட்டத்துக்கு முன்பே நாட்டர் டேம் பயிற்றுநர் டிகர் ஃபெல்ப்ஸ் ஒரு வேலை செய்தார். வென்ற பிறகு கூடையின் வலையை அறுத்தெடுப்பது அங்கே வழக்கம். அதைத் தம் ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சியின்போதே செய்து பார்க்கச் சொன்னார்! ஆட்டத்தில் சில நிமிடங்களே மிஞ்சியிருக்க, யூசிஎல்ஏ 11 புள்ளிகள் முன்னணியில் இருந்தது. அதன் பிறகு கடைசி 12 புள்ளிகளையும் நாட்டர் டேம் எடுத்து 71-70 என வென்றது. சொந்த அரங்கில் திரண்டிருந்த கூட்டம் ஆடுகளத்துக்குள் பாய்ந்தது. ஒரு வாரம் கழித்து லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த மறு ஆட்டத்தில் யூசிஎல்ஏ 94-75 என எளிதாக வென்றது. ஒரே வாரம், அதே இரண்டு அணிகள். ஆனால் அரங்கு வேறு, கூட்டம் வேறு, பசியும் வேறு.

நம் நாட்டில் ஜேடிதியைப் பாருங்கள். 2014 முதல் 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை சூப்பர் லீக் கிண்ணத்தை வென்ற அணி. அதற்கு எதிராக ஒரு சமநிலை கண்டாலே எதிரணி ரசிகர்கள் வென்றதுபோல் கொண்டாடுகிறார்கள்.

கூட்டத்தின் பலம் வெறும் பேச்சல்ல. கோவிட் காலத்தில் ரசிகர்கள் இல்லாமல் நடந்த ஐரோப்பியக் காற்பந்து ஆட்டங்களை ஆராய்ந்தவர்கள், சொந்தத் திடலில் ஆடுவதால் கிடைக்கும் சாதகம் குறைந்ததைக் கண்டார்கள். வெளியூர் அணிகளுக்குக் காட்டப்படும் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. ஆக, கூட்டத்தின் சத்தம் ஆட்டக்காரரின் காலை மட்டுமல்ல, நடுவரின் கையையும் தொடுகிறது.

பெயர் இருப்பது நட்டம் என்று சொல்லிவிட முடியுமா? அதுவும் இல்லை. 88 வெற்றிகளில் எத்தனையோ அணிகள் திடலில் இறங்கும் முன்பே மனத்தளவில் தோற்றிருக்கும். பெயர் பயந்தவனை இன்னும் பயமுறுத்தும், துணிந்தவனை எழுப்பிவிடும். எதிரே நிற்பவர் இவர்களில் யார் என்பது ஆட்டம் தொடங்கும் வரை நமக்குத் தெரியாது.

எங்கள் கதைக்கு வருகிறேன். பிரிவு ஆட்டம் என்பதால் இன்னும் இரண்டு ஆட்டங்கள் மிச்சமிருந்தன. சார் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “போன வருஷம் யாருமே பாக்க வராதப்போ எப்படி ஆடுனீங்களோ, அப்படி ஆடுங்க.” இரண்டிலும் வென்று அரையிறுதிக்குப் போனோம். அங்கே தோற்றோம். கிண்ணம் கைமாறியது.

எங்களை முதலில் தோற்கடித்த அணியின் தலைவன் அன்று கைகுலுக்கியபோது, “உங்கள ஜெயிச்சோம்னு சொன்னா வீட்டுல நம்ப மாட்டாங்க” என்றான். கேலி செய்கிறான் என்று நினைத்து முறைத்தேன். இப்போது யோசித்தால், எங்கள் அணிக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அதுதான்.

உங்கள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ விளையாட்டில் பெயர் இருக்கிறதா? அப்படியானால் உங்களை எதிர்த்து ஆடும் ஒவ்வோர் அணியும் தன் ஆண்டின் சிறந்த ஆட்டத்தோடுதான் வரும். அதற்குத் தயாராகுங்கள். பெயர் இன்னும் வரவில்லையா? கவலை வேண்டாம். யாரும் பார்க்காத திடலில்தான் அது தொடங்குகிறது.