பெயரில் புதைந்த மரங்கள்

நுழையும்முன்

புதையல் என்றதும் பொற்காசு நிறைந்த குடமே நம் நினைவுக்கு வரும். மண்ணைத் தோண்டாமல் கண்டெடுக்கக்கூடிய புதையலும் உண்டு. அது ஊர்ப்பெயர்களிலும் கோயில் திருச்சுற்றுகளிலும் ஆற்றங்கரைகளிலும் மறைந்துள்ளது. திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் சுற்றி அப்புதையலைத் தேடிச் செல்லும் வழியை இக்கட்டுரை காட்டுகிறது.

மலைமீது தொடக்கம்

தேடலைத் தொடங்க ஏற்ற இடம் மலைக்கோட்டை. உச்சிக்கு ஏறும் வழியில் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் உள்ளது. அதன் கல்வெட்டு காவிரியைப் புகழ்ந்து பேசுகிறது. உச்சியில் நின்று வடக்கே நோக்கினால் அப்புகழுரைக்கான காரணம் விளங்கும். முக்கொம்பில் இரண்டாகப் பிரியும் ஆறு, காவிரியாகவும் கொள்ளிடமாகவும் ஓடி, நடுவே பசுமையான ஒரு தீவை உருவாக்கியுள்ளது. அத்தீவில்தான் திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்துள்ளன. நாம் தேடவேண்டிய நிலப்பரப்பு முழுவதும் இங்கிருந்தே கண்ணுக்குப் புலப்படுகிறது. இனி ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குறிப்பைத் துணையாகக் கொள்வோம்.

முதற்குறிப்பு: அரசன் சூடிய மலர்

மலைக்கோட்டைக்கு மேற்கே உள்ள உறையூர், முற்காலச் சோழர்களின் தலைநகரம். சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை இங்கு நடத்திய அகழாய்வில் சாயத்தொட்டியின் எச்சங்கள் வெளிப்பட்டன. நெசவுக்குப் பெயர்பெற்ற நகரம் என்பதற்கு அவை சான்றாயின. சேரர்க்குப் பனையும் பாண்டியர்க்கு வேம்பும் போலச் சோழர்க்கு அடையாளமாக விளங்கியது ஆத்தி. மாட்டின் குளம்பைப்போல நுனியில் பிளவுபட்ட இலையைக்கொண்டு இம்மரத்தை எளிதில் அறியலாம். ஔவையாரின் நூற்பெயராகிய ஆத்திசூடியை நாம் இளமையிலேயே மனப்பாடம் செய்தோம். அப்பெயரில் உள்ள ஆத்தி மரத்தை நம்மில் எத்தனை பேர் நேரில் கண்டிருக்கிறோம்?

இரண்டாம் குறிப்பு: தங்கையாக வளர்ந்த மரம்

அரங்கம் என்னும் சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்பது ஒரு பொருள். ஏழு திருச்சுற்றுகளையும் இருபத்தொரு கோபுரங்களையும் கொண்ட திருவரங்கக் கோயிலின் தலமரம் புன்னை. தடித்துப் பளபளக்கும் இலையும், வெண்ணிற இதழ்களின் நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்களும் இதன் அடையாளங்கள். புன்னைக்கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயால் முன்னோர் விளக்கேற்றினர்.

சங்க இலக்கியத்தில் புன்னை நெய்தல் நிலத்துக்கு உரியது. நற்றிணையின் 172ஆம் பாடலில் ஒரு புன்னை வருகிறது. சிறுமியர் விளையாட்டாக மணலில் அழுத்திய விதை முளைக்கிறது. அவர்கள் நெய்யும் பாலும் ஊற்றி அதனை வளர்க்கின்றனர். அம்மரம் உங்கள் தங்கை என்று தாய் கூறுகிறாள். தங்கையின் முன்னே காதலனோடு பேசத் தலைவி நாணுகிறாள். கடற்கரைக்குரிய அம்மரம், கடலிலிருந்து தொலைவில் உள்ள ஆற்றுத்தீவில் தலமரமாகப் போற்றப்படுவது வியப்புக்குரியது. மணற்பாங்கான நிலம் புன்னைக்கு ஏற்றது என்பதையும், இத்தீவு காவிரி கொணர்ந்து சேர்த்த மணலால் ஆனது என்பதையும் இங்கே இணைத்துப் பார்க்கலாம்.

மூன்றாம் குறிப்பு: இறைவன் பெயரில் ஒரு நாவல்

ஆனைக்கா என்பதிலுள்ள ‘கா’ சோலையைக் குறிக்கும். இறைவன் பெயர் சம்புகேசுவரர். ‘சம்பு’ என்பது நாவலைக் குறிக்கும் வடசொல். ஊரின் பெயரில் சோலையும் இறைவனின் பெயரில் மரமும் நிலைத்துவிட்டன. இத்தலத்தின் வெண்ணாவல் மரத்தை இன்றும் கோயிலுக்குள் காணலாம். நிலத்தடி நீர் ஊறும் கருவறையால் இத்தலம் ஐம்பூதத் தலங்களுள் நீர்த்தலமாகப் போற்றப்படுகிறது. நாவலும் ஈரமான ஆற்றுப்படுகைகளில் செழித்து வளரும் மரமே.

நான்காம், ஐந்தாம் குறிப்புகள்: துறையும் வனமும்

நகருக்கு மேற்கே, காவிரியின் தென்கரையில் திருப்பராய்த்துறை உள்ளது. பராய் மரங்கள் நிறைந்த ஆற்றுத்துறை என்பது பெயரின் பொருள். பராயின் இலை சொரசொரப்பானது. உப்புத்தாள் வருவதற்கு முன்னர் மரப்பொருள்களைத் தேய்த்து மெருகேற்ற அது பயன்பட்டது. கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள திருப்பைஞ்ஞீலியின் தலமரம் வாழை. ஞீலி என்பது ஒருவகை வாழையின் பெயர். தாவரவியல் நோக்கில் வாழை மரமன்று. பூண்டு வகையைச் சேர்ந்தது. அகத்தே வைரம் உடையதை மரம் என்றும் புறத்தே வைரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் பகுத்திருப்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

ஏழாம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் இவ்வூர்களைப் பாடினர். அக்காலத்திலேயே இப்பெயர்கள் வழங்கின எனின், அதற்கும் முன்னரே இம்மரங்கள் இங்கே செழித்திருக்க வேண்டும். இவ்வாறு ஊர்ப்பெயரும், எழுத்து வடிவில் அமையாத ஒரு கல்வெட்டாகிறது.

மரத்தின் வயதும் மரபின் வயதும்

ஓர் ஐயம் எழலாம். ஒரு நாவல் மரம் ஆயிரம் ஆண்டுகள் வாழுமா? வாழாது. எனினும், அம்மரபு தொடர்ந்து வந்துள்ளது. ஒரு மரம் முதுமை அடையும்போது மற்றொன்றை நட யாரோ ஒருவர் முன்வந்திருக்கிறார். நாம் வணங்குவது ஒரு மரத்தை மட்டுமன்று. பெயர் அறியப்படாத பலருடைய கைகள் அறுபடாமல் காத்த தொடர்ச்சியையும் வணங்குகிறோம்.

அத்தொடர்ச்சி இன்று கோயில் மதிலுக்கு வெளியே தளர்ந்துவருகிறது. நம் சாலையோரங்களில் நிழல்தரும் தூங்குமூஞ்சி மரமும் தரிசில் பரவும் சீமைக்கருவேலமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. செந்நிறப் பூக்களைச் சொரியும் குல்மொகர் மடகாசுகரிலிருந்து வந்தது. அயல்மரங்கள் யாவும் தீயவை அல்ல. ஆனால், அவற்றின் பெயரை அறிந்த நாம் பராயையும் ஆத்தியையும் அறியாதிருப்பது இழப்பே. அடையாளம் காணப்படாத மரம் வெட்டப்படும்போது, அதற்காகப் பேச எவரும் இருப்பதில்லை.

தேடும் முறை

நால்வர் கொண்ட குழுவாகப் பிரிந்து தேடலை நடத்தலாம். முதலில் உங்கள் ஊர், தெரு, குளம், வாய்க்கால் ஆகியவற்றின் பெயர்களைத் தொகுத்து, அவற்றில் மரப்பெயர் உண்டா என ஆராயுங்கள். அடுத்து, ஊரின் முதியோரிடம் அம்மரம் நின்ற இடத்தைக் கேட்டறியுங்கள். மரத்தைக் கண்டால் நெஞ்சுயரத்தில் அதன் சுற்றளவை அளந்து, இலை, பூ, காய் ஆகியவற்றை வரைந்துகொள்ளுங்கள். இலையைப் பறித்தலும் பட்டையில் பெயரைச் செதுக்குதலும் கூடா. கிடைத்த செய்திகளை ஊர் வரைபடத்தில் குறியுங்கள். மரம் இல்லாத இடத்தையும் குறியுங்கள். இழப்பும் வரலாற்றின் ஒரு பகுதியே.

புதையல் தேடுவோர் கண்டெடுத்ததை எடுத்துச் செல்வர். இத்தேடலில் நாம் கொடுத்துவிட்டு வரவேண்டும். ஆனி, ஆடித் திங்களில் நாவல் பழுக்கும்போது அதன் விதையைத் திரட்டுங்கள். அவ்விதை உலர்ந்தால் முளைப்புத்திறனை விரைவில் இழந்துவிடும். எனவே, சில நாள்களுக்குள் ஊன்ற வேண்டும். பள்ளி வளாகத்தில் நீங்கள் ஊன்றும் ஒரு விதை, பெயர் அறியப்படாத அம்முன்னோரின் வரிசையில் உங்களையும் சேர்க்கும்.