நெஞ்சாங்குழி வலி எல்லாம் "கேஸ்ட்ரிக்" அல்ல

நமது தோட்டங்களில் இருந்து கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் ஏராளம். வெள்ளவத்தையில் புடவைக்கடையில் நிற்பவர்கள், கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்பவர்கள், வீட்டு வேலைக்குப் போனவர்கள் எனப் பலர். நேரத்துக்குச் சாப்பாடு இல்லை. நெஞ்சாங்குழியில் எரிச்சலோ வலியோ வந்தால் பக்கத்துப் பாமசியில் இரண்டு குளிசை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். "கேஸ்ட்ரிக்தானே, சரியாப் போயிரும்" என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். மலையில் கொழுந்து எடுக்கும் தாய்மாரும் இதையேதான் செய்கிறார்கள்.

மேல்வயிற்றில் இரைப்பை மட்டும் இல்லை. முன்சிறுகுடல், ஈரல், பித்தப்பை, கணையம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. இதயமும் அதற்கு மேலேயே இருக்கிறது. ஆகவே வலி ஒரே இடத்தில் வந்தாலும் காரணம் வேறு வேறாக இருக்கலாம்.

குடற்புண்: கவலையாலும் காரத்தாலும்தான் இது வருகிறது என்று வைத்தியர்களே நெடுங்காலம் நம்பினார்கள். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் 1982இல் பாரி மார்ஷல், ரொபின் வாரன் என்ற இரு வைத்தியர்கள், இரைப்பையில் வாழும் ஹெலிகோபக்டர் என்னும் கிருமியே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்று கண்டார்கள். யாரும் எளிதில் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வருவதைக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி இருந்தால் வைத்தியர் தரும் மருந்தை அநேகமாக இரண்டு வாரம் விடாமல் குடிக்க வேண்டும். வலி நின்றதும் பாதியில் நிறுத்தக்கூடாது.

வலிக்குளிசை: இடுப்புவலிக்கும் முட்டிவலிக்கும் நாம் போடும் டைக்ளோபெனக், இபுபுரோபன், அஸ்பிரின் போன்றவையும் இரைப்பையைப் புண்ணாக்கும். வெறும் வயிற்றில் அடிக்கடி போடுவது இன்னும் ஆபத்து.

பித்தப்பைக் கல்: எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது பக்கம் வலித்து, முதுகுக்கோ வலது தோளுக்கோ ஏறும்.

கணையம்: சாராயமும் கசிப்பும் பழகியவர்களுக்கு வலி முதுகுவரை துளைத்துக்கொண்டு போகலாம்.

இதயம்: வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி இருந்தால் மாரடைப்பாக இருக்கலாம். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இது வயிற்றுக்கோளாறு மாதிரியே தெரியும். "வாயு" என்று பெருங்காயம் கரைத்துக் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

பாமசிக் குளிசையில் என்ன தவறு? அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் போன்ற மருந்து, புற்றுநோயாக இருந்தாலும்கூட வலியைக் கொஞ்சநாள் அடக்கிவிடும். நோய் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். கிருமிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை என்று பிழையாகக் காட்டலாம்.

வலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, போய்ப் போய்த் திரும்ப வந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள்:

1. இரத்த வாந்தி, அல்லது மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போதல்
2. காரணமில்லாமல் உடம்பு மெலிதல்
3. சோறு விழுங்கக் கஷ்டம், ஓயாத வாந்தி
4. கண் மஞ்சளாதல்
5. சோகை, களைப்பு
6. திடீரென்று வந்த தாங்க முடியாத வலி

முதலாவதும் ஆறாவதும் வந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கே போவது? தோட்டத்தில் இருப்பவர்கள் முதலில் தோட்ட டிஸ்பென்சரிக்கோ பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ போகலாம். தேவை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டு தருவார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் பிள்ளைகளுக்கு கொழும்பு தேசிய வைத்தியசாலையும், வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு களுபோவில ஆஸ்பத்திரியும் கிட்ட. வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையிலேயே போய் நம்பர் எடுங்கள். காட்டுவதற்குக் காசு இல்லை. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இ.சி.ஜி., கெமராக் குழாயை வாய்வழியாக விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டொஸ்கொபி ஆகியவற்றில் எது தேவை என்பதை வைத்தியர் தீர்மானிப்பார். எண்டொஸ்கொபிக்குப் பயப்பட வேண்டாம். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: வலி எப்போது தொடங்கியது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, வேறு எங்கே பரவுகிறது. வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். போட்ட குளிசைகளின் மட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். குடிப்பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சிங்களம் சரளமாக வராதவர்கள் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது.

பெற்றோரே, ஒரு நாள் பேர் போய்விடும், முதலாளி லீவு தரமாட்டார் என்ற யோசனையில்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். அடுத்த முறை கொழும்புப் பிள்ளையோடு போனில் பேசும்போது, "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு விடாமல், "வயித்துவலி இருக்கா? எத்தனை நாளா? என்ன குளிசை போடுற?" என்றும் கேளுங்கள். பதிலைக் கேட்டுச் சந்தேகம் வந்தால், அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.