பிள்ளைக்கு வேலை, வீட்டுக்கு விசாரணை



உசிலம்பட்டி, மேலூர், பேரையூர் பக்கம் நம் குழு வீடுகள் பலவற்றில் ஒரு பிள்ளையாவது போலீஸ், பட்டாளம், பேங்க் என்று பரீட்சை எழுதிக்கொண்டு இருக்கிறது. பாஸ் என்று தெரிந்ததும் கறிச்சோறு ஆக்கிவிடுகிறோம். ஆனால் அதுக்கப்புறமும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதுதான் விசாரணை. பிள்ளை மேல் வழக்கு உண்டா, நடத்தை எப்படி என்று போலீஸ் மூலம் விசாரித்த பிறகுதான் வேலை உறுதியாகும்.

"வீட்டுல இவ்வளவு கடன் கிடக்கே, வேலை இல்லாமப் போயிருமா?" என்ற கேள்வி கூட்டங்களில் வருகிறது. கூடவே, "எதையும் சொல்லாம மறைச்சிருங்க" என்று யோசனை சொல்ல நாலு பேர் இருக்கிறார்கள். கடனைவிட இந்த யோசனைதான் ஆபத்து.

கடன் வாங்குவது குற்றமில்லை. அம்மா பெயரில் உள்ள குழுக்கடன் அம்மா கணக்கு; பிள்ளையின் கணக்கு வேறு. ஆனால் பிள்ளையும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடன், ஜாமீன் நின்ற கடன் அவன் பெயரிலும் ஏறும். கல்விக்கடன் அப்படித்தான். "படிப்புக் கடன்தானே, அரசாங்கம் தள்ளுபடி பண்ணும்" என்று கட்டாமல் விட்டால், சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களின் பதிவில் பிள்ளை பெயரும் பெற்றவர் பெயரும் சேர்ந்தே கெடும்.

போலீஸ் வேலைக்கான விசாரணையில் முக்கியமாகப் பார்ப்பது வழக்குகளை. பேங்க் வேலைக்குக் கடன் பதிவையும் பார்க்கிறார்கள். ஸ்டேட் பேங்கில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், சிபில் பதிவு சரியில்லை என்று 2021-ல் ரத்தானது. அறிவிப்பு வருவதற்கு முன்பே கடனை எல்லாம் அடைத்துவிட்டேன் என்று அவர் வழக்குப் போட்டார். கடனைத் தவணை தவறாமல் கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை, கடைசியில் அடைத்தால் மட்டும் போதாது என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பேங்க் பக்கமே தீர்ப்புச் சொன்னது. பொதுமக்கள் பணத்தைக் கையாளுகிறவருக்குப் பணத்தில் ஒழுங்கு வேண்டும் என்பது காரணம். நம் குழுவிலும் தவணை தவறுகிறவரிடம் கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுக்க மாட்டோம் இல்லையா?

இனி வழக்கு விஷயம். வேலைக்கான படிவத்தில், கைதானது உண்டா, வழக்கு உண்டா, தண்டனை உண்டா என்று கேட்டிருக்கும். திருவிழாச் சண்டையில் பெயர் சேர்த்திருப்பார்கள், பிறகு சமாதானம் ஆகியிருக்கும். "அதான் முடிஞ்சு போச்சே" என்று 'இல்லை' எழுதிவிடுகிறார்கள். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கேட்டதற்கு உண்மையைத்தான் எழுத வேண்டும். சின்ன வழக்காக இருந்தால், மறைத்திருந்தால்கூட அதிகாரிகள் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய வழக்கை மறைத்தால் வேலை போகும். உண்மையைச் சொன்னாலும் வேலை நிச்சயம் என்றில்லை, அதிகாரிகள் பரிசீலிப்பார்கள். நம் மாநிலப் போலீஸ் வேலையில் விதி இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானாலும், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். ஆகவே தீர்ப்பு நகலை வக்கீலிடம் காட்டிக் கேட்டுக்கொண்டு படிவத்தை நிரப்புவது நல்லது.

கடனும் வழக்கும் ஒன்றாகச் சேருகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் செக். வட்டிக்கு வாங்கும்போது, அம்மாவுக்குச் செக் புத்தகம் இல்லையென்று மகனின் வெற்றுச் செக்கில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அது பணமில்லாமல் திரும்பினால் 138-வது பிரிவில் வழக்கு வரும். அது கடன் வழக்கு மட்டுமில்லை, குற்ற வழக்கு. ஜெயிலும் உண்டு. படிவத்தில் 'வழக்கு உண்டா' என்ற கேள்விக்கு இதையும் சொல்லியாக வேண்டும். வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் அந்த வழக்கைப் போட முடியாது. நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பினால் தப்பலாம் என்பது வீண் பேச்சு.

வேலையில் சேர்ந்த பிறகும் பேச்சு முடியவில்லை. தீராத கடனில் விழக்கூடாது என்று அரசு ஊழியர் நடத்தை விதிகளே சொல்கின்றன. அமெரிக்காவில் அரசாங்க ரகசியம் தெரிகிற வேலை என்றால் கட்டாத கடனைப் படிவத்திலேயே கேட்கிறார்கள். கடன்காரரை விலைக்கு வாங்குவது சுலபம் என்ற பயம்தான்.

பிள்ளை விண்ணப்பம் போடுவதற்கு முன்பே கடன் பதிவை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்த கடன் பாக்கி என்று காட்டினால் எழுதிக் கேளுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு. பேங்கில் கடன் முடிந்ததும் பாக்கியில்லைச் சான்று வாங்குங்கள். வட்டிக்காரரிடம் கணக்கு முடிந்தால், அந்தச் செக்கைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்.